முழு நைட்டும் கறுப்பு பெல்ட்டும்

ஜெயசித்ரா கராத்தே படிக்கப் போன கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் பாண்டீஸ்வரியைத்தான் சேர்த்துவிட்டாள். வெள்ளை உடுப்பு, வெள்ளை பெல்ட் எல்லாம் வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. மூன்றாவது வாரம் முட்டி வலிக்கிறது என்று கட்டிலைவிட்டு எழுந்திரிக்கவே இல்லை. உடுப்பைக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். "அப்ப நானே போட்டுக்கிட்டுப் போறேன்" என்று கிளம்பினாள் ஜெயசித்ரா. கோபத்தில் போனவள்தான். ஒரு மாதத்தில் அடங்கிவிடும் என்று நினைத்தோம்.

மகள் உடுப்பைப் பிரித்துத் தாய்க்கு ஆகும்படி இரண்டு பக்கமும் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தது நான். வாசலோரம் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள் நான். தெருவில் யாருக்கு எந்த அளவு கூடியது, எந்த அளவு குறைந்தது என்பது அவரவர் வீட்டுக்காரர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். ஜெயசித்ராவுக்கு இரண்டாவது வருஷமே இடுப்பில் வைத்த பட்டையைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு கவனிக்க ஆரம்பித்தேன்.

வேலை அவளுக்கு ஸ்பின்னிங் மில்லில், நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். முழு நைட் என்றால் பன்னிரண்டு மணிக்குப் போய்க் காலை எட்டு மணிக்கு வருகிறது. முழு நைட் வாரத்தில் அவளிடம் பேசினால் பதில் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும். சோற்றில் உப்பு இருக்காது, அல்லது இரண்டு தடவை இருக்கும். பதினெட்டு வருஷம் இப்படி. அவள் புருஷன் வீரணன் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். "என் பொண்டாட்டியக் கண் முழிச்சபடி பாத்தது கல்யாணத்தன்னைக்குத்தான் மதினி" என்பான்.

அவனை அடிக்கத்தான் கராத்தே படிக்கிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. என் தையல் மிஷின் பக்கத்திலிருந்துதான் என்று சிலர் சொன்னார்கள். வீரணனிடமே கேட்டேன். "என்னைய அடிக்க எதுக்கு மதினி கராத்தே? அவ வாய் போதாதா?" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சைக் கேட்க ஆளில்லை.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், பழைய பஞ்சு குடோன் வாசலில். இம்மானுவேல் மாஸ்டர் மற்ற நாளெல்லாம் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறவர். மாத்திரை எடுத்துத் தருகிற அதே பொறுமையோடு முப்பது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார். ஜெயசித்ரா கடைசி வரிசையில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால், கல்யாண போட்டோவில் தெரியாமல் வந்து நின்ற ஆள் மாதிரி நிற்பாள். வார நாளில் பழகுவது வீட்டு மாடியில். கருத்தையாவின் மாடி வீட்டில்தான் அவள் வாடகைக்கு இருக்கிறாள். மேலே மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, டிஷ் ஆண்டெனா எல்லாம் போக மிஞ்சுகிற இடத்தில் கையை வீசுவாள், காலை வைப்பாள், திரும்புவாள். என் மாடியிலிருந்து எல்லாம் தெரியும். வடகம் காயப்போட்டால் காக்கையைப் பார்க்க ஆள் வேண்டுமே, அதனால் நான் மேலேதான் இருப்பேன். வடகம் இல்லாத நாளும் இருந்தேன்.

தனியாக நின்று இல்லாத ஆளோடு சண்டை போடுகிறதுக்குப் பெயர் கட்டா. அதில் பெரிய கட்டா ஒன்று, பஸ்ஸாய் டாய். கோட்டையை உடைத்து உள்ளே போகிறது என்று அர்த்தமாம். நான்கு வருஷம் அந்தக் கோட்டையை உடைத்தாள். எனக்கே வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது. தாங்குகிற கை எது, குத்துகிற கை எது, எந்த இடத்தில் கத்துவாள் என்று தெரியும். அவள் கத்துவதற்கு முன்னால் கருத்தையா வீட்டு நாய் குரைத்துவிடும்.

இந்த ஏப்ரலில் ஒருநாள் ஜாக்கெட் துணியோடு வந்தாள். துணியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மதினி, ஒரு பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க லேடி மாஸ்டர் கேக்காவ. ஜூன்லருந்து. கறுப்பு பெல்ட் சர்டிபிகேட் கொண்டாந்தா எடுத்துக்கிடுதோம்னுட்டாவ. இல்லைன்னா திருநெல்வேலியிலருந்து வேற ஆள் வருதாவளாம்."

"மில்லு?"

"விட்டுருவேன்."

"ஏட்டி, பதினெட்டு வருசத்து வேலைய விட்டுட்டு, பிள்ளைகளுக்குக் காலத் தூக்கச் சொல்லிக் கொடுக்கப் போறியாக்கும்?"

அவள் மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். "ராத்திரியில தூங்கணும் மதினி. அம்புட்டுதான்."

இதற்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். அளவை எடுத்துக்கொண்டேன்.

கிரேடிங் என்கிற பெல்ட்டுப் பரீட்சை மே மாதம் இரண்டாவது ஞாயிறு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். அதை விட்டால் அடுத்தது நவம்பரில். அந்த வாரம் பார்த்து அவளுக்கு முழு நைட் வந்தது. சனிக்கிழமை ராத்திரிக்கு மட்டும் லீவு கேட்டிருக்கிறாள். "காதுகுத்துன்னு சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன், பெல்ட்டுப் பரீட்சைக்கெல்லாம் லீவா?" என்று சூப்பர்வைசர் சிரித்தானாம். உண்மையைச் சொல்லி லீவு கேட்டால் இப்படித்தான்.

நானும் வருகிறேன் என்றேன். துணைக்கு. துணைக்கு என்று சொல்லிவிட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டே முக்காலுக்கு எங்கள் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். மில்லிலிருந்து வீட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீர் விட நேரமில்லை. முகத்தை மட்டும் கழுவியிருந்தாள். கூந்தலில் பஞ்சு ஒட்டியிருந்தது. கண் இரண்டும் மிளகாய் அரைத்தவள் கண் மாதிரி இருந்தது. பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடியே தூங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் மூன்று தடவை என் தோளில் இடித்தாள், மூன்று தடவையும் "மன்னிச்சிக்கோங்க சார்" என்றாள்.

மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணத்தின் சம்பங்கி வாடை போகவில்லை. மேடையில் மாப்பிள்ளை பெண் பெயரைத் தெர்மாகோல் எழுத்தில் வைத்தது அப்படியே இருந்தது. அதன் முன்னால் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை. நடு நாற்காலியில் மதுரையிலிருந்து வந்த ராஜரத்தினம் மாஸ்டர். ஐம்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த மனிதர். அவர் பெல்ட் பழசாகி, கறுப்புப் போய் ஓரமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. எங்கள் இம்மானுவேல் மாஸ்டர் அவர் முன்னால் போய், சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அறுபது எழுபது பிள்ளைகள் மஞ்சள், பச்சை, நீலம் என்று. கறுப்புக்கு நின்றது மூன்றே பேர். கான்சாபுரத்துப் பையன் கௌதம்ராஜ், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரிப் பெண் அஸ்ஃபியா, அப்புறம் முப்பத்தொன்பது வயதில் எங்கள் ஜெயசித்ரா.

எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அஸ்ஃபியாவின் அம்மா சம்சாத் பேகம். வளையல் கடை வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் அவளுக்கு எத்தனை பிள்ளைகள், புருஷன் நிஜாமுக்குச் சர்க்கரை எவ்வளவு என்றெல்லாம் தெரிந்துகொண்டேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. நான் என்னென்ன சொன்னேன் என்று பிறகுதான் யோசித்தேன்.

"அந்தா நிக்காவளே, அவிய உங்க தங்கச்சியா?"

"பக்கத்து வீடு."

"பாவம், காய்ச்சலா?"

"முழு நைட்."

"யா அல்லா" என்றாள் சம்சாத் பேகம். எங்கள் பக்கத்தில் முழு நைட் என்ற இரண்டு வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை.

முதல் ஒன்றரை மணி நேரம் குத்தும் உதையும்தான். இச்சி, நி, சான் என்று ராஜரத்தினம் மாஸ்டர் ஜப்பான் பாஷையில் எண்ணிக்கொண்டே இருந்தார். பத்து எண்ணி முடித்தால் மறுபடி ஒன்று. நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் மேடைக்கு மட்டும்தான் ஃபேன். பிள்ளைகள் குடம் குடமாக வேர்த்தார்கள். ஜெயசித்ராவைப் பார்த்தேன். கை சரியாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. முகத்தில் ஆள் இல்லை. மில்லில் நூல் அறுந்தால் நடந்து போய் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்களே, அந்த முகம்.

அப்புறம் கட்டா. ஒவ்வொருவராகத் தனியாக. ராஜரத்தினம் மாஸ்டர் எழுந்து வந்து தரையில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டினார்.

"இங்க ஆரம்பிக்கணும். கட்டா எம்புட்டு நீளமானாலும் இங்கயே வந்து முடியணும். கோட்டுக்கு வரலைன்னா போன வழி தப்புன்னு அர்த்தம்" என்றார்.

கௌதம்ராஜ் கோட்டுக்கு வந்தான். அஸ்ஃபியா கோட்டின் நடுவில் வந்து நின்றாள். சம்சாத் பேகம் போனில் படம் எடுத்தாள். பாதிப் படத்தில் அவள் கட்டைவிரல் இருந்தது.

ஜெயசித்ரா போய் நின்றாள். "பஸ்ஸாய் டாய்" என்று கத்தினாள். செய்தாள். நன்றாகத்தான் செய்தாள். எனக்கு ஒவ்வொரு அசைவும் தெரியும், ஒன்றும் விடவில்லை. கடைசிக் கையைத் தாங்கி நின்றாள். ஆனால் நின்ற இடம் பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்த மஞ்சள் பெல்ட் பையனின் காலுக்குப் பக்கம். அவன் காலை மடக்கிக்கொண்டான். சிவப்பு டேப் அவளுக்கு முன்னால், நல்ல இரண்டு அடி தள்ளிக் கிடந்தது.

மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜரத்தினம் மாஸ்டர் சிரிக்கவில்லை. டேப்பைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், இம்மானுவேலைப் பார்த்தார்.

"வரிசை சரியா இருக்கு. எடம் எப்படித் தப்புச்சு? ஃபைட் எல்லாம் முடியட்டும், திரும்ப ஒரு தடவை செய்ங்க. அப்பவும் வரலைன்னா நவம்பர்ல பாப்போம்."

நவம்பருக்குள் திருநெல்வேலிக்காரி வந்து பள்ளிக்கூடத்தில் பாதி வருஷத்தை ஓட்டிவிடுவாள்.

சாப்பாட்டு நேரத்தில் பந்திக்கூடத்துக்குப் போனோம். எலுமிச்சைச் சாதப் பொட்டலம். ஜெயசித்ரா பிரிக்கவே இல்லை. இம்மானுவேல் மாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நடந்தார்.

"நாலு வருசமா நம்ம குடோன் வாசல்ல செய்தியளே, நான் கவனிக்கவே இல்லையேம்மா. முப்பது பிள்ளை ஒண்ணா நிண்ணு செஞ்சா எல்லாவனும் எங்கனயாவது போய்த்தான் நிக்கான். நான் கையத்தான் பாக்கேன். பெயிலாயிட்டா என் பேரும்லா போகும்."

"உங்க பேரு கெடக்கட்டும் மாஸ்டர்" என்றேன். "அது தொட்டியில்லா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கருத்தையா மாடியில வடக்கோரம் தண்ணித்தொட்டி இருக்கு. இவ வடக்காம போகும்போது தொட்டி இடிக்கும்னு ஒவ்வொரு எட்டையும் கொறச்சு வைப்பா. திரும்பித் தெக்காம வரும்போது எடம் கெடக்கு, நல்லா வீசி வைப்பா. அப்ப ஆரம்பிச்ச எடத்தத் தாண்டித்தான வருவா? தெனமும் படிக்கட்டுக் கதவுல போய்த்தான் முடிப்பா. நான் அதுதான் கராத்தேன்னு நெனச்சேன்."

ஜெயசித்ரா பொட்டலத்தைக் கீழே வைத்தாள். முழு நைட் வாரமல்லவா, பதில் மெதுவாகத்தான் வரும்.

"இத ஏன் மதினி இம்புட்டு நாளாச் சொல்லலை?"

"நீ கேட்டியா?"

ஊரில் எத்தனையோ பேருக்கு அவர்கள் கேட்காததையெல்லாம் சொன்னவள் நான். இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

பந்தி மேஜைகளை ஓரமாகத் தள்ளினோம். தரையில் ஒரு தண்ணீர் பாட்டில் மூடியை வைத்து ஆரம்பித்தாள். போகும்போது காலை நீட்டி வை, நீட்டி வை என்று இம்மானுவேல் மாஸ்டர் கூடவே நடந்தார். நீட்டித்தான் வைக்கப் பார்த்தாள். பாதி வழியில் கால் தானாகச் சுருங்கிவிட்டது. இல்லாத தொட்டிக்கு முன்னால் நின்றது. இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை காலைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனதில் கை வரிசை தப்பியது. நான்காவது தடவை பாதியில் நிறுத்தி, பந்தி மேஜையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வர மாட்டேங்குது. நாலு வருசத்த அரை மணி நேரத்துல எப்படி மாத்த? விடுங்க மாஸ்டர். நான் செத்த நேரம் படுக்கேன்."

சொன்னபடியே மேஜையில் சாய்ந்தாள். சாப்பாட்டு மேஜைக்கு விரிக்கிற பேப்பர் கன்னத்தில் ஒட்டியது. அவள் அப்படி விட்டுவிடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திங்கட்கிழமை தெருவில் சொல்வதற்கு என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது, கோட்டையை உடைக்கப் போனவள் சின்டெக்ஸ் தொட்டியை உடைக்க முடியாமல் வந்த கதை என்று. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பேப்பர் ஒட்டிய கன்னத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எனக்கே அலுப்பாக வந்தது.

"ஏட்டி சித்ரா, எந்திரி. போறத நீட்ட முடியலைன்னா, வாறதக் கொற."

"என்னது?"

"ஜாக்கெட்டுல ஒரு கை தெரியாமக் குட்டையா வெட்டிட்டேன்னு வையி. துணி வேற இல்ல. என்ன செய்வேன்? இன்னொரு கையையும் அதே அளவுக்கு வெட்டிருவேன். போடுதவளுக்குக் கை நீளம் கொறைவுன்னு தெரியும், கோணல்னு தெரியாது. வடக்காம எம்புட்டு வைக்கியோ, தெக்காமயும் அம்புட்டே வையி. ரெண்டு பக்கமும் தொட்டி இருக்குன்னு நெனச்சிக்கோ."

இம்மானுவேல் மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. "காலக் கொறச்சு வச்சா நிக்கிற ஸ்டான்ஸ் உசந்துரும். பாக்க கெத்தா இருக்காது. மார்க்கக் கொறைப்பாரு."

"கொறைக்கட்டுமே, கோட்டுக்கு வந்துரும்லா?"

அவர் இரண்டு விரலால் மேஜை மேல் போகிறதும் வருகிறதுமாக எண்ணிப் பார்த்தார். அதை ஒரு தடவைகூடச் செய்து பார்ப்பதற்குள் ஜெயசித்ராவை ஃபைட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எதிரில் அஸ்ஃபியா. இருபது வயது. ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கி, காலையில் இரண்டு முட்டை சாப்பிட்டு வந்த பெண். அவள் அம்மாவே சொன்னாள். இரண்டு நிமிஷம் வீதம் மூன்று ரவுண்டு. கையில் உறை, தலையில் கவசம், வாயில் பல்லுக்கு ரப்பர். அந்த ரப்பரை வைத்ததும் ஜெயசித்ராவுக்கு முகமே மாறிப்போனது, பல் பிடுங்கிவிட்டு வந்தவள் மாதிரி.

"ஏட்டி அஸ்ஃபியா!" என்று சம்சாத் பேகம் நாற்காலியிலிருந்து கத்தினாள். "அக்கா வயசானவிய. பாத்து மெதுவா அடி, என்ன!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. ஜெயசித்ரா திரும்பி எங்களைப் பார்த்த பார்வையில் நான் சம்சாத் பேகத்தைவிட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் மெதுவாக அடிக்கவில்லை. குதித்துக் குதித்து வந்தாள், இடது, வலது, கால், மறுபடி கால். ஜெயசித்ராவுக்குக் குதிக்கச் சத்து இல்லை. நின்றாள். வருகிறதைத் தட்டிவிட்டாள். தட்ட முடியாததை வாங்கிக்கொண்டாள். முதல் ரவுண்டில் விலாவில் ஒன்று விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு கணம் அப்படியே சாய்ந்துவிடுவாள் என்று பார்த்தேன். சாயவில்லை. அடி விழுந்ததில் தூக்கம் கொஞ்சம் கலைந்தது போலிருந்தது.

இரண்டாவது ரவுண்டு முடியும்போது அஸ்ஃபியாவுக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவதில் குதிப்பு நின்றது. ஜெயசித்ரா அதே இடத்தில் நின்றாள், காலையில் பஸ்ஸில் நின்ற மாதிரி. அந்தப் பெண் கை தளர்ந்து உள்ளே வந்தபோது நேராக ஒரே ஒரு குத்து, மார்பில். பலமாகக்கூட இல்லை. அஸ்ஃபியா இரண்டு அடி பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே சிரித்தாள்.

"என்னக்கா, மலையில போய் முட்டுன மாதிரி இருக்கு."

"நகரத் தெம்பில்ல பிள்ள" என்றாள் ஜெயசித்ரா, ரப்பரை எடுத்துவிட்டு. அவளைக் கைகொடுத்துத் தூக்கப் போய், இரண்டு பேரும் சேர்ந்து தள்ளாடினார்கள்.

"நல்லா அடிச்சாவ உங்க தங்கச்சி" என்றாள் சம்சாத் பேகம் என்னிடம். பக்கத்து வீடுதான் என்று மறுபடி சொல்லலாம் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

மூன்றரை மணி. பிள்ளைகள் பாதிப் பேர் போய்விட்டார்கள். மண்டபத்துக்காரர் சாயங்காலம் சடங்கு இருக்கிறது என்று வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயசித்ரா சிவப்பு டேப்பின் மேல் வந்து நின்றாள். விலாவை ஒரு கையால் பிடித்திருந்தவள், குனிந்து வணங்கும்போதுதான் கையை எடுத்தாள். கட்டாவின் பெயரைச் சொன்னாள். காலையில் கத்தியதில் கால்வாசிச் சத்தம்கூட இல்லை.

போனாள். போகிற எட்டுகள் வழக்கம்போலச் சுருங்கின. இம்மானுவேல் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. திரும்பினாள். இப்போதுதான் ஆபத்து, இந்த இடத்தில்தான் மாடியில் காலை வீசுவாள். முதல் எட்டு வைத்தாள், குறைவு. இரண்டாவது, குறைவு. என் கை மடியில் டேப் இல்லாமலே அளந்துகொண்டிருந்தது. மூன்றாவது எட்டில் கால் நீளப் போய், நீள முடியாமல் பாதியில் இறங்கிவிட்டது. மனசால் குறைத்தாளா, சத்து இல்லாமல் குறைந்ததா என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. கடைசித் திருப்பம். கையைத் தாங்கி நின்றாள்.

ராஜரத்தினம் மாஸ்டர் எழுந்து வந்து குத்தவைத்துப் பார்த்தார். பெருவிரல் சிவப்பு டேப்பின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

"போறதும் வர்றதும் ஒரே அளவா இருக்கு" என்றார். "ஆனா ரொம்பக் குறைச்சு வைக்கிறீங்களேம்மா. இவ்வளவு சின்ன கட்டாவ நான் பாத்ததில்லை."

"எங்க வீட்டு மாடி சின்னது மாஸ்டர்."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். விலா வலி என்றோ, ஷிப்டு என்றோ சொல்லியிருக்கலாம். அவளுக்கு அப்போது பொய் யோசிக்கத் தெம்பில்லை. ராஜரத்தினம் மாஸ்டர் குத்தவைத்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார். தெர்மாகோல் எழுத்துகளுக்குக் கீழே நாற்காலியில் இருந்த மற்ற இரண்டு மாஸ்டர்களையும் பார்த்தார். முழங்காலில் கையை ஊன்றி, அவரும் சிரமப்பட்டுத்தான் எழுந்தார்.

"நானும் மாடியிலதான் படிச்சேன்" என்றார். "பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போது கீழ, தரையில சொல்லிக் குடுங்க. கால நீட்டி வைக்கட்டும்."

ஜெயசித்ராவுக்கு இது பாஸா பெயிலா என்று புரியவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். இம்மானுவேல் மாஸ்டர் ஓடிவந்து, "கும்பிடுங்கம்மா, கும்பிடுங்க" என்று முதுகில் தட்டிய பிறகுதான் குனிந்தாள்.

பெல்ட்டைக் கட்டிவிட்டார்கள். சர்டிபிகேட் தலைமை அலுவலகத்திலிருந்து வர நாளாகும் என்று, பள்ளிக்கூடத்தில் காட்ட முத்திரை வைத்து ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்கள். போட்டோ எடுக்கும்போது மூன்று பேரில் இவள் மட்டும் கண்ணை மூடியிருந்தாள். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் மூடியிருந்தாள். அஸ்ஃபியா கறுப்பு பெல்ட்டோடு அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜெயசித்ரா அழவில்லை. முத்திரைத் தாளை நாலாக மடித்து என்னிடம் கொடுத்து, "உடுப்புல பை இல்ல மதினி, நீங்க வச்சிக்கோங்க" என்றாள். உடுப்பில் பை வைக்காதது நான்தான் என்று சொல்லிக் காட்டியதாகவே எனக்குப் பட்டது.

தென்காசி பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் அவளை உட்காரச் சொன்னேன். கேட்கவேண்டியது நிறைய இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்ன சம்பளம், வீரணன் என்ன சொல்வான், சூப்பர்வைசர் முகத்தில் தாளைக் காட்டும்போது என்ன சொல்லப் போகிறாள். "ஏட்டி சித்ரா" என்று ஆரம்பித்தேன். பஸ் ஊரைத் தாண்டும் முன்னே தலை என் தோளில் வந்து விழுந்தது. இந்தத் தடவை மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

ராஜபாளையம் வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். கூட்டம் இறங்கியது. கண்டக்டர் எங்களைப் பார்த்தார்.

"என்னம்மா, ராஜபாளையம் வந்தாச்சு. எறங்கலையா?"

"அவ தூங்குதா."

"தூங்குனா எழுப்புங்க. பஸ்ஸு நிக்காது."

வாயை ஓரமாகத் திறந்து, எச்சில் வடியத் தூங்கினாள். கூந்தலில் இன்னும் பஞ்சு இருந்தது. இன்றைக்கு ராத்திரியும் பன்னிரண்டு மணிக்கு அவள் போகவேண்டும். ஜூன் வரும்வரை போய்த்தான் ஆகவேண்டும்.

"அடுத்த ஸ்டாப்பு சேத்தூருக்கு ரெண்டு குடுங்க" என்றேன்.

"சேத்தூர்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல. குடுங்க."

அவர் அவளைப் பார்த்தார், வெள்ளை உடுப்பையும் பெல்ட்டையும் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்தார். பஸ் கிளம்பியது. வெயில் அவள் முகத்தில் விழுந்தது. என் முந்தானையை ஜன்னல் கம்பியில் செருகி மறைத்தேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள் யாரோ ஒரு மருமகளைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். நல்ல விஷயம்தான். காதைக் கொடுக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. முதுகு வலித்தது, தோள் மரத்துவிட்டது.

சேத்தூர் வந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

நான் தோளை அசைக்காமல் கேட்டேன். "சிவகிரிக்கு எம்புட்டு?"